வரிசையக்கா மாடியேறிய நாள்

எல்லாம் ஒரு வாளியில்தான் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த புதிதில், கடைத்தெருவிலேயே பெரியதான வீட்டுப்பொருள் கடையில் பிளாஸ்டிக் வாளி பாதி விலை என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்து, ஷட்டர் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பின்னால் வந்து நின்று, "இங்க என்ன குடுக்கறாங்க?" என்று கேட்டார். "வாளி" என்றார் இவர். அடுத்து வந்தவர் அதைக்கூடக் கேட்கவில்லை. கடை திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டித் திரும்பியிருந்தது.

அன்று முதல் அவர் வரிசையக்கா. சொந்தப் பெயர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு அது தேவைப்படவில்லை.

தள்ளுபடி நாளில் அவரைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. போர்வையை இரண்டு விரலால் கிள்ளுவார். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைத் தட்டிக் காதோடு வைத்துக் கேட்பார். பிளாஸ்டிக் சாமான் என்றால் மோந்து பார்ப்பார். தள்ளுபடிச் சாமான் குவித்த ஒரு தொட்டியை நோக்கி அவர் நடந்தால் கடையில் பாதிப் பேர் அந்தத் தொட்டிக்கு நடப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பினால் கையில் எடுத்ததைப் பலர் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவார்கள். அரசியல் கூட்டங்களில் மேடையில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தியும் நகராத ஜனம், இங்கே ஒரு பெண்ணின் உதட்டுக்கு நகரும். பக்கத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

கடைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காததற்குக் காரணம் அது இல்லை. பாதி விலை வாளி என்பது தூண்டிலில் மாட்டிய புழு. வாளிக்கு வருகிறவர் போகிற போக்கில் முழு விலையில் ஒரு துடைப்பமும் ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிப் போனால்தான் கடைக்குக் கட்டுப்படியாகும். வரிசையக்கா வாளியை மட்டும் வாங்குவார். புழுவைத் தின்றுவிட்டு மீன் நீந்திப் போய்விடும், வருஷக் கணக்காக.

ஒருமுறை ஒரு கெட்டில் ஒழுகியது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண், வழக்கமாகச் சொல்வதுபோல, "நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள் போய் நின்றார். "வரச் சொன்னியே, வந்துட்டேன் பாப்பா." திரும்பவும் நாளைக்கு. திரும்பவும் போனார். கோபமே இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில் அவர் வரத் தாமதமான ஒரு காலையில் அந்தப் பெண்ணே வாசலை எட்டிப் பார்த்து, "அக்காவ இன்னும் காணோமே" என்று கவலைப்பட்டாளாம். அன்றைக்கு வேறு கெட்டில் கிடைத்தது.

கடைக்கு இரண்டு தளம். கீழ்த்தளத்தில் தள்ளுபடித் தொட்டிகளும் அன்றாடச் சாமான்களும். அங்கே உட்கார நாற்காலி கிடையாது. மறதியால் விட்டுப்போனதல்ல அது, யோசித்துச் செய்தது. உட்கார்ந்தவர் இன்னும் நாலு சாமானைப் புரட்டிப் போடுவார், கடைசியில் வாங்குவது ஒரு வடிகட்டியாக இருக்கும் என்பது கடையின் அனுபவம். மின்விசிறி இருந்தது, அதன் சுவிட்ச் மேனேஜர் அறையில் இருந்தது. கழிவறைக் கதவில் 'பழுது' என்ற பலகை தொங்கியது. கடை திறந்த நாளில் மாட்டியது அது. பில் போட்டதும் சாமானைப் போட்டுத் தரும் பை, வீடு போய்ச் சேருவதற்குள் கிழிந்துவிடும்.

மாடி வேறு உலகம். படி முடிகிற இடத்தில் கம்பளம் ஆரம்பித்துவிடும். சோபா, கண்ணாடி அலமாரி, கூரையில் தொங்கும் விளக்குக் கொத்துகள். அந்த வெளிச்சம் எப்படிப்பட்டதென்றால், கீழே வெளிறித் தெரிந்த முகம் மேலே போனதும் பொன் பூசியதுபோல் ஆகிவிடும். வந்தவருக்கு நாற்காலி, தட்டில் பழச்சாறு, தடித்த கயிறு கோத்த காகிதப் பை. விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்பதும் அங்கே நாகரிகமில்லை.

விற்பனையாளர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. தள்ளுபடிக்காக மட்டும் வருகிறவர் 'காத்து'. வரும், எல்லாவற்றையும் கலைக்கும், ஒன்றும் தராமல் போகும். முழு விலைக்காரர் 'மழை'. "காத்து அடிக்குது" என்று வாசலில் இருப்பவர் முணுமுணுத்தால் மற்றவர்கள் திடீரென்று அலமாரி துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். "மழை வருது" என்றால் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஓடுவார்கள். வரிசையக்காவுக்கு மட்டும் தனிச் சொல். "புயல் கரையைக் கடக்குது" என்பார் கீழ்த்தள சூப்பர்வைசர். நரைத்த மீசைக்காரர். அந்த முதல் வாளியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

*

அந்த வருஷம் வரிசையக்காவின் வீட்டில் வாஷிங் மெஷின் செத்துப்போனது.

அது சும்மா வீட்டு மெஷின் இல்லை. கணவருக்கு லாரி ஓட்டும் வேலை, மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். வீட்டில் அக்காவும் கணவரின் தங்கையும் சேர்ந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜின் படுக்கை விரிப்பு, தலையணை உறையெல்லாம் எடுத்து வந்து துவைத்துக் கொடுத்தார்கள். குடும்பம் ஓடுவது அதில். மெஷின் புகை விட்டு நின்ற பிறகு இரண்டு பேரும் தொட்டியில் போட்டு மிதித்தும் அடித்தும் பார்த்தார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்ததுதான் மிச்சம். விரிப்பு வெளுக்கவில்லை, நேரத்துக்குக் காயவுமில்லை.

லாட்ஜ்காரர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க மேல எனக்குக் குறை இல்லம்மா. ஆனா ரூமுக்கு வர்றவன் விரிப்பைத்தான் பாக்கறான், உங்க கையப் பாக்கறதில்ல. வண்டியில எடுத்துட்டுப் போயித் துவைக்கிற கம்பெனிக்காரன் தினமும் போன் பண்றான். இந்த வாரம் பாப்பேன்."

போனபிறகு நாத்தனார் சொன்னார்: "அண்ணி, இவர் விரிப்ப மாத்தறதுக்கு முன்னாடி அந்த ரூம் சுவர மாத்தலாம்." நாத்தனாருக்கு முழங்கால் வலி, வாய்க்கு எந்த வலியும் கிடையாது.

அந்த வாரம்தான் கடை வாசலில் விளம்பரம் வந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெஷின், பாதிக்கும் குறைந்த விலை, இருப்பு உள்ளவரை. அவ்வளவு குறைந்தால்தான் அக்காவுக்கு எட்டும். அதைவிட ஒரு படி கூடினாலும் எட்டாது. அது கிடைத்தால் லாட்ஜ் இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை.

அக்காவுக்குத் தெரியாதது ஒன்று. அந்த மெஷின் விற்பதற்காக வைத்தது அல்ல, காட்டுவதற்காக வைத்தது. இருந்தது ஒரே ஒன்று. ஷட்டர் திறந்த கையோடு அதன் மேல் 'விற்றாகிவிட்டது' என்ற சிவப்பு வில்லையை ஒட்டிவிட்டு, நாள் முழுக்க அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அடடா என்று உச்சுக்கொட்டும்போது, விற்பனையாளர் பக்கத்தில் போய் முழு விலை மெஷினைக் காட்ட வேண்டும். இது புதிதாக வந்திருந்த மேனேஜரின் ஏற்பாடு. இளைஞர், கெட்டிக்காரர், இஸ்திரி கலையாத சட்டை.

தள்ளுபடிக்கு முந்தின நாள் ஊழியர்களை மாடியில் கூட்டினார். நிற்க வைத்துத்தான்.

"வாடிக்கையாளர் ராஜான்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. இருக்கட்டும். ஆனா சில ராஜா நமக்குக் குடுக்க வர்றாரு, சில ராஜா கப்பம் வாங்க வர்றாரு. ரெண்டாவது வகையைக் கம்ப்யூட்டரே காட்டுது. அதுல முதல் ஆள் யாருன்னு நான் சொல்லணுமா?"

"புயல்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. "சார், அந்தம்மாவுக்கு ஆஃபர் மெசேஜ் அனுப்பறத நிறுத்தியாச்சு. திருப்பிக் குடுக்க வந்தா ஆயிரம் கேள்வி கேட்டாச்சு. ஒண்ணும் நடக்கல. மெஷின் மேல வில்லைய ஒட்டினா, 'யார் வாங்கினாங்க, ஆளக் காட்டு'ன்னு நிப்பாங்க. அவங்க நின்னா எல்லாரும் நிப்பாங்க. வரிசையே அவங்க பின்னாடிதான்."

"கூட்டம் வேணும்" என்றார் மேனேஜர். "கூட்டத்துக்குத் தலை வேண்டாம். நாளைக்குக் கொஞ்ச நேரம் அந்தத் தலையை மாடியில உக்கார வைக்கப் போறேன்."

"மாடியிலயா?"

"இத்தனை வருஷத்துல யாராவது அவங்களை உக்காருங்கன்னு சொல்லியிருக்கீங்களா? நான் சொல்றேன். எந்திரிக்கறாங்களான்னு பாருங்க."

*

மறுநாள் காலை வரிசை வழக்கம்போல் தெருமுனை தாண்டியிருந்தது. முதல் ஆள் அக்கா, பக்கத்தில் நாத்தனார். பக்கவாட்டுக் கதவு திறந்தது. மேனேஜரே வெளியில் வந்து, எல்லாரும் பார்க்க, அக்கா முன்னால் குனிந்து பேசினார்.

"என்னம்மா, நீங்க போயி வெயில்ல நிக்கறீங்க? எங்க கடைக்கு எவ்வளவு பழைய வாடிக்கையாளர் நீங்க. வாங்க, மாடியில வந்து உக்காருங்க."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் மெஷினுக்கு வந்தேன் தம்பி."

"தெரியும்மா. உங்களுக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். நீங்க ஒரு ஜூஸ் குடிச்சு முடிக்கறதுக்குள்ள பில் மேலயே வரும்."

எந்த விற்பனையாளர் சத்தியம் செய்தாலும் சாமானைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறவர் வரிசையக்கா. அன்று தட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று பின்னால் அவரிடம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் சொன்னார்: "உக்காருங்கன்னுட்டானே."

நாத்தனாரின் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தினார். "இங்கயே நில்லு. நகராத."

"அண்ணி, அவன் சிரிச்சா கடவாப்பல்லு வரைக்கும் தெரியுது. பாத்துப் போங்க."

கதவு மூடியது. நாத்தனாருக்கு அடுத்து நின்ற தையல்காரர் பின்னால் திரும்பி, "அக்காவ மாடிக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றார். நடந்தது அவ்வளவுதான், அவர் சொன்னதும் அவ்வளவுதான். மின்கம்பத்துக்கு வந்தபோது அது "மாடியில அக்காவுக்குத் தனி விலையாம்" ஆகியிருந்தது. பூட்டிய மருந்துக்கடை வாசலில் "இந்தத் தடவ தள்ளுபடியே மாடியிலதானாம்". தெருமுனை திரும்பியதும் "மாடியில பாதி சாமான் சும்மாவே குடுக்கறாங்களாம், கீழ இருக்கறதெல்லாம் பழசாம்". வரிசையின் வால் அந்தச் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு முன்னே நெருக்கத் தொடங்கியது. ஒரு வதந்தி பிறந்து வளர்ந்து ஆளாவதை ஒரே தெருவில், ஒரே காலையில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே நின்றிருக்க வேண்டும்.

மாடியில் அக்கா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றார் விற்பனையாளர். கம்பளத்தில் பாதம் அமுங்கியபோது நின்று ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலி. சாய்ந்ததும் முதுகு முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. விடிவதற்கு முன்பே எழுந்து விரிப்புகளை மிதித்துவிட்டு வந்த கால்கள் தானாக நீண்டன. தட்டில் பழச்சாறு வந்தது. வெடித்த விரல்களுக்குக் குளிர்ந்த கண்ணாடித் தம்ளர் இதமாக இருந்தது.

அடுத்த நாற்காலியில் பல் டாக்டரம்மா. அந்தக் கடையின் அடைமழை என்று சொல்லலாம். வாரந்தோறும் ஷட்டருக்குக் காத்திராமல் பக்கவாட்டுக் கதவு வழியாகவே வருவார், கை காட்டுவார், சாமான் வீட்டுக்குப் போய்ச் சேரும். அவர் திரும்பி, "எது வாங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"துணி துவைக்கிற மெஷின்."

"அப்படியா. நான் அந்த விளக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து விளக்கை அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா கேட்டார்: "என்ன விலைங்க அது?"

டாக்டரம்மா யோசித்தார். "தெரியலையே" என்றார், அப்போதுதான் அது நினைவுக்கு வந்தவர்போல.

கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கடை முழுக்கத் தெரிந்தது. மேலேயிருந்து அக்கா அதைப் பார்த்ததில்லை. தொட்டிகள் சின்னச் சின்னதாக இருந்தன. நடுவில் வெள்ளை மெஷின். அதை நோக்கி மீசைக்காரர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். கையில் சிவப்பு வில்லைச் சுருள். தூரம் அதிகம்தான். ஆனால் அந்த வில்லையில் என்ன எழுதியிருக்கும் என்பது தள்ளுபடிக் கடைகளிலேயே வயதான ஒருவருக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

எழுந்தார். "இன்னொரு ஜூஸ்மா?" என்று விற்பனையாளர் குறுக்கே வந்தார். அதே நேரம் ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

ஜனம் உள்ளே பாய்ந்து, நின்றது. எந்தத் தொட்டிக்கு என்று தெரியவில்லை. தள்ளுபடி நாளில் அவர்கள் கண் தேடுவது சாமானை அல்ல, ஒரு முதுகை. அன்று முன்னால் அந்த முதுகு இல்லை. ஒரு மூச்சு நேரம் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு யாரோ அண்ணாந்து பார்த்தார். மாடிக் கண்ணாடித் தடுப்பின் ஓரத்தில், பொன் வெளிச்சத்தில், வரிசையக்கா நின்றுகொண்டிருந்தார்.

வயல்மேட்டில் குருவிக் கூட்டம் திரும்புவதைப் பார்த்திருக்கலாம். எந்தக் குருவி முதலில் திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படித் திரும்பியது அந்தக் கூட்டம். கத்தலில்லை, கட்டளையில்லை. தொட்டிகளைச் சுற்றி வழிந்து, படிக்கட்டில் குவிந்து, மேல்நோக்கி ஓடியது.

"மேல ஒண்ணுமில்ல!" என்று கத்தினார் அக்கா. "கீழ போங்க, கீழ!"

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் தையல்காரர், இரண்டிரண்டு படியாகத் தாண்டிக்கொண்டே. "நாமா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவோம்."

மேனேஜர் படி முடிகிற இடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி அலமாரி அவருக்குப் பின்னால் இருந்தது. அது உடையும் சத்தத்துக்குக் காதைத் தயாராக வைத்திருந்தார்.

அந்தச் சத்தம் வரவில்லை. அதைத்தான் அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். முதல் வரிசை கம்பளத்தை மிதித்ததும் ஓட்டம் நின்றது. பின்னால் வந்தவர்கள் இடிக்காமல் நின்றார்கள். பேச்சு அடங்கியது. கீழே தொட்டியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வை இழுத்த அதே கைகள், இங்கே சோபாவின் ஓரத்தை ஒரு விரல் நுனியால் தொட்டன. ஒரு அம்மா, மகள் எதையும் தொட்டுவிடாதபடி அவள் கையைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒருவர் ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இன்னொருவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த முகங்களில் எல்லாம் அந்தப் பொன் நிறம். அத்தனை வருஷமாகத் தலைக்கு மேலேயே இருந்த இடத்தை அவர்கள் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

அந்த அமைதியில் தையல்காரர் பணிவாகக் கேட்டார்: "சார், இந்தச் சோபாவுக்கு எவ்வளவு தள்ளுபடி?"

"இங்க தள்ளுபடி கிடையாது."

"அப்ப விலை என்ன சார்?"

பின்னாலிருந்து பல் டாக்டரம்மாவின் குரல் வந்தது. "ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். அந்த விளக்கு என்ன விலை?"

*

கீழே நாத்தனார் தனியாக நின்றார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விட்டது. அந்தப் படியை ஏற அவர் முழங்கால் சம்மதிக்கவில்லை. நகராதே என்று அண்ணி சொன்ன இடம் வாசல். மெஷின் இருந்தது நடுவில். யோசித்தார், நகர்ந்தார்.

மெஷினிடம் போனதும் முழங்கால் முணுக்கென்றது. உட்கார இடம் தேடிச் சுற்றிப் பார்த்தார். தளம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது, அதுதான் தெரியுமே. தொட்டியிலிருந்து ஒரு பாதி விலை வாளியை எடுத்தார், கவிழ்த்தார், அதன் மேல் கால் வைத்தார், மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தார். சுகமாக இருந்தது. காலை ஆட்டிக்கொண்டு மாடியை வேடிக்கை பார்த்தார்.

கூட்டம் பாய்ந்தபோது தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த மீசைக்காரர் வில்லைச் சுருளோடு வந்து சேர்ந்தார்.

"எந்திரிங்கம்மா. மெஷின் உடைஞ்சிடும்."

"நான் உக்காந்து உடைஞ்சா அது மெஷினே இல்ல. உடையலன்னா எடுத்துக்கறோம்."

"இது மேல ஒரு வில்லை ஒட்டணும்."

"ஒட்டுங்க. எங்க ஒட்டுவீங்க?"

மீசைக்காரர் சுற்றி வந்தார். மேல்பக்கம் முழுவதும் நாத்தனார். முன்பக்கம் அவர் கால்கள். பக்கவாட்டில் அவர் பை தொங்கியது.

"உக்கார்ற இடமாம்மா இது?"

"உக்கார்ற இடம் எதுன்னு நீங்களே காட்டுங்க, போறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். காட்ட ஒன்றுமில்லை. அந்தத் தளத்தில் அவருக்கும் நாற்காலி கிடையாது. அந்த முதல் வாளியைக் கொடுத்த நாளிலிருந்து அங்கே நின்றுகொண்டேதான் இருக்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தடித்திருப்பது அவர் மனைவிக்கும் வைத்தியருக்கும் மட்டும் தெரியும். மெஷின் மேல் காலை ஆட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதற்குள் அக்கா சுவரோரமாக உரசிக்கொண்டே, மேலே போகிறவர்களுக்கு எதிராகப் படியிறங்கி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கண் முதலில் மீசைக்காரர் கையிலிருந்த சுருளுக்குப் போனது, பிறகு நாத்தனாருக்கு.

"வித்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். தரை பார்த்துத்தான் கேட்டார். பேரம் பேசுகிற குரல் அல்ல. அவர் அப்படி ஒரு குரலில் பேசி மீசைக்காரர் கேட்டதே இல்லை.

மாடியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "வில்லை ஒட்டியாச்சா?" அவரைச் சுற்றிலும் ஜனம், ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு சாமானைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தது. தலை மட்டும்தான் தெரிந்தது.

"ஆள் உக்காந்திருக்காங்க சார்" என்றார் மீசைக்காரர், உரக்க. "சாமான் கஸ்டமர் கையில இருக்கு."

கடையின் பழைய வழக்கம் அது: தள்ளுபடி நாளில் சாமான் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பில். தொட்டிகளில் நடக்கும் சண்டையை நிறுத்துவதற்காக எப்போதோ செய்த ஏற்பாடு. கையில் என்றுதான் இருந்தது. உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

சுருளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, பில் போடலாம்" என்றார் அக்காவிடம். நாத்தனாரிடம் திரும்பி, "நீங்க இறங்காதீங்க. பில் கைக்கு வர்ற வரைக்கும் அங்கயே இருங்க" என்றார்.

"இறங்கச் சொன்னாலும் இறங்க மாட்டேன். அந்த வாளியும் சேத்துப் போடுங்க. நல்லாத் தாங்குது."

தள்ளுபடிச் சாமானை வீட்டில் கொண்டுவந்து இறக்கித் தர மாட்டார்கள். பழக்காரரின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி ஏற்றினார்கள். வாசல் வரை வந்து தூக்கிக் கொடுத்தவர் மீசைக்காரர். மாடியிலிருந்து ஜனம் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. யாரும் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் யாருக்கும் ஏமாந்த முகமும் இல்லை. ஊர் பார்த்துத் திரும்புகிறவர்கள்போல் ஒருவருக்கொருவர் எதையெதையோ காட்டிப் பேசிக்கொண்டே வந்தார்கள். பல் டாக்டரம்மா விளக்கை வாங்காமல் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. விலை கேட்டாராம்.

*

முதல் சுற்று லாட்ஜ் விரிப்புகள் வட்டக் கண்ணாடிக்குள் புரள்வதை நாத்தனாரும் அண்ணியும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே எடுத்துக் கொல்லைக் கொடியில் போட்டபோது அந்த வெளுப்பில் கண் கூசியது. லாட்ஜ்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரனைப் பற்றிப் பேசாமலே போனார்.

"மேல எப்படி அண்ணி இருந்துச்சு?" என்று நாத்தனார் கேட்டார்.

அக்கா ஒரு விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். "உக்காந்தேன் பாரு, மெஷின் ஞாபகமே போயிடுச்சு. ஒரு நாற்காலி ஒரு ஆளை அப்படி ஆக்கிடுமா? என்னால நம்ப முடியல." அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே நாமளே கொண்டு போயிடணும்."

அடுத்த தள்ளுபடிக்கு வரிசையக்கா ஒரு மடக்கு முக்காலியோடு வந்தார். கடை வாசலில் விரித்து, முதல் ஆளாக உட்கார்ந்தார். பின்னால் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டார்.

அதற்கடுத்த தள்ளுபடி அன்று காலை மேனேஜர் மாடிக் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபோது, வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது. முக்காலி, மணை, கவிழ்த்த வாளி, மடித்த அட்டைப்பெட்டி, குழந்தைகளின் சின்ன நாற்காலி. மின்கம்பம் தாண்டி, மருந்துக்கடை தாண்டி, கண்ணுக்கு எட்டிய வரை ஒரு தெருவே காலை நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். ஷட்டரைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

கீழே மீசைக்காரர் சாவியோடு வந்தார். வரிசையக்கா எழப் பார்த்தார்.

"இருங்கம்மா, மேலேருந்து இன்னும் சொல்லல" என்றார் அவர். "உக்காருங்க."

நாத்தனார் தான் உட்கார்ந்திருந்த பலகையில் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.